அத்தைக்குச் செய்த இடுப்பு வார்

எங்கள் அத்தைக்கு இடுப்பு நோவு வந்ததற்குக் கர்த்தர்தான் பொறுப்பு என்று அம்மா சொல்லுவாள். கோபமாகச் சொல்ல மாட்டாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொல்லுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனை, சாயந்திரம் இன்னொன்று, புதன்கிழமை ஜெபக்கூட்டம், சனிக்கிழமை பாட்டுப் பழக்கம், இதற்கு நடுவில் யார் வீட்டிலாவது கல்யாணம், யார் வீட்டிலாவது சாவு. எல்லாவற்றுக்கும் ஆர்மோனியம் வேண்டும். ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பு ஆட்கள் கூடுகிற எங்கள் சின்ன வேதக்கோயிலில் அதை வாசிக்கத் தெரிந்தவள் அத்தை ஒருத்திதான். கர்த்தரைப் புகழ்ந்து புகழ்ந்தே இவள் இடுப்பு போய்விட்டது என்பாள் அம்மா.

அத்தை என்றால் நைனாவின் தங்கை. மிஷன் போர்டிங்கில் படித்தவள், அங்கேதான் ஆர்மோனியமும் கற்றுக்கொண்டாள். கல்யாணம் செய்து மாதனூர் பக்கம் அனுப்பினார்கள். ரெண்டு வருஷத்தில் புருஷன் பேதியில் போனான். பிள்ளையில்லை. ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். நான் பிறப்பதற்கு முன்பு நடந்தது இது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தாள், வெள்ளைப் புடவையில்தான் இருந்தாள். அவளும் ஒரு காலத்தில் பூப்போட்ட புடவை கட்டியிருப்பாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆர்மோனியத்தைப் பார்த்தவர்களுக்கு அது சுகமான வேலை என்று தோன்றும். உட்கார்ந்துதானே வாசிக்கிறாள் என்பார்கள். உட்கார்ந்து வாசிப்பதுதான் வினை. பாயில் சம்மணம் போட்டு, பெட்டிமேல் கவிழ்ந்து, இடது கையை அதன் முதுகுப் பக்கம் நீட்டித் துருத்தியை இழுத்தபடியே இருக்க வேண்டும்; வலது கை கட்டைகள்மேல் ஓட வேண்டும். ஒரு தோள் முன்னால் போகும், மற்றது பின்னால் நிற்கும், நடுவில் இடுப்பு முறுக்கிக்கொண்டு கிடக்கும். வெள்ளைக்காரப் பாதிரியாரான பெரிய ஐயர் வருகிற நாளில் இப்படி மூன்று மணி நேரம். வீட்டுக்கு வந்ததும் அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, அப்புறம்தான் உட்காருவாள். நானும் என் தம்பிகளும் அவள் இடுப்பில் ஏறி மிதிப்போம். "இன்னும் கொஞ்சம் கீழ, இன்னும் கொஞ்சம்" என்று முனகுவாள்.

நைனாவுக்கு இடுப்பு நோவு புதிதில்லை. சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலை மரத்தில் போட்டு, விடிந்ததிலிருந்து குனிந்து அதில் ஒட்டியிருக்கிற கறியைக் கத்தியால் வழிக்கிறவர் அவர். தோல் ஷாப்பில் முதுகு நிமிர்ந்து நடக்கிற ஆள் முதலாளி ஒருத்தர்தான். ஆனால் தன் இடுப்பைப் பற்றி ஒரு நாளும் பேசாத மனுஷர், தங்கை இடுப்பு என்றதும் அதையே பேச்சாக எடுத்துக்கொண்டார். ஒரு சாயந்திரம் வீட்டில் அவளை வாசிக்கச் சொல்லி, எதிரே குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

"நீ பெட்டிகிட்ட குனிஞ்சு போறம்மா. பெட்டி உன்கிட்ட வரணும்" என்றார்.

பெட்டிக்கு அடியில் ஒரு பலகை வைத்தார். அது கொஞ்சம் உயர்ந்தது. அப்புறம் அவளைத் தூக்கி உட்கார வைக்கவேண்டும் என்றார். உட்காருகிற இடம் முழங்காலைவிட உசரமாக இருந்தால் இடுப்பு தானாக நிமிரும் என்பது அவர் கண்டது. கோயிலில் ஒரு மணை போடலாமா என்று உபதேசியாரிடம் கேட்கப் போனார். கோயில் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஐயருக்கு மட்டும்தான் நாற்காலி. மற்ற எல்லாரும் பாய். இன்றைக்கு ஒரு பொம்பளைக்கு மணை போட்டால் நாளைக்கு ஆளுக்கொரு மணை கேட்பார்கள் என்று முடிவு செய்தார்கள். கடைசியில் தோல் ஊறவைக்கிற ஆவாரம்பட்டை வருகிற சாக்கை மடித்துப் போட்டுக்கொள்ள உத்தரவு கொடுத்தார்கள். சாக்கு மணையைவிட உசரமாகத்தான் இருந்தது. ஆனாலும் சாக்கு சாக்குதானே, அதற்கு மரியாதை ஏது!

இதெல்லாம் வாசிக்கிற நேரத்துக்கு. பிரசங்க நேரத்தில் சாய்ந்துகொள்ளத்தான் அவளுக்கு இடமில்லை. ஆர்மோனியம் கோயிலின் நடுவில், பிரசங்க மேடைக்குக் கீழே இருந்தது. எல்லாச் சுவரும் எட்ட இருந்தன. அதற்கு நைனா கண்ட வழி நான்தான். அத்தை பீடத்தைப் பார்த்து உட்காருவாள். அவள் முதுகோடு முதுகு ஒட்டி, சனங்களைப் பார்த்து நான் உட்கார வேண்டும். எட்டு வயசுப் பெண்ணைத் தூண் மாதிரி நட்டுவைத்தார்கள். எதிரே இருந்த பிள்ளைகள் என்னைப் பார்த்து நாக்கை நீட்டின. நான் சிரித்தால் அத்தையின் முதுகுக்குத் தெரிந்துவிடும், முழங்கையால் ஒரு இடி இடிப்பாள். அப்படி உட்கார்ந்த வருஷங்களில் பாட்டு எனக்குக் காதில் கேட்டதைவிட முதுகில் கேட்டதுதான் ஜாஸ்தி. துருத்தியை அவள் இழுக்கும்போது அவள் எலும்பு என் எலும்பில் ஏறி இறங்கும். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டில் என்னைக் கட்டிக்கொள்ள யாருக்கும் நேரமில்லை. கோயிலில் அத்தை என்மேல் சாய்ந்தாள்.

அந்தச் சமயத்தில் முதலாளி வீட்டுக் கணக்கு எழுத ஆற்காட்டிலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். நம்ம வேதக்காரப் பையன், ஆர்மோனியமும் வாசிப்பான் என்று தெரிந்ததும் பெரியவர்களுக்கு வாயெல்லாம் பல். பாவம், அந்தம்மாவுக்கு இடுப்பு நோவு, விட்டுடட்டுமே என்று ஆளாளுக்கு இரக்கப்பட ஆரம்பித்தார்கள். அந்த இரக்கத்தைக் கேட்ட அன்றுதான் அத்தை பயந்தாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாள்.

"அந்தப் பொட்டிய எடுத்துட்டாங்கன்னா நான் எங்க உக்காருவேன், குட்டி?"

எனக்கு அது விளங்கவில்லை. கோயிலில் பாய் நிறைய இருக்கிறதே என்றேன். விதவைகளைக் கர்த்தர் கைவிட மாட்டார் என்று பிரசங்கத்தில் சொல்லுகிற அதே பெரியவர்கள், கல்யாண வீட்டில் விதவை ஒருத்தி கல்யாணப் பெண்ணுக்கு எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆர்மோனியம் இருந்ததால் எந்தக் கல்யாணத்திலும் அவளைப் பின்னால் போ என்று சொல்ல முடியவில்லை. ஊரில் அவளுக்கு என்று இருந்தது அந்தப் பெட்டிக்கு முன்னால் இருந்த ஒரு முழ இடம்தான். அதைக் காப்பாற்றிக்கொள்ள, நோகாதவள் மாதிரி உட்கார்ந்து காட்ட வேண்டியிருந்தது.

நைனா இடுப்பு வார் செய்தது அதற்காகத்தான். ஈரத்தோல் சுமக்கிறவர்கள் இடுப்புப் பிடிக்காமலிருக்க அகலமான வார் ஒன்றை இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். அது ஆம்பளைகள் கட்டுவது. பொம்பளைக்கு, அதுவும் ஆர்மோனியம் வாசிக்கிறவளுக்கு அப்படியொன்று செய்யலாம் என்று எங்கள் ஊரைத் தவிர வேறெங்கும் யாருக்கும் தோன்றியிருக்காது. மேஸ்திரியிடம் கெஞ்சி, குழியில் நன்றாக ஊறிப் பதமான எருமைத்தோலில் ஒரு துண்டு வாங்கிவந்தார். தண்ணீரில் நனைத்து, புடவைக்கு மேல் அத்தையின் இடுப்பைச் சுற்றிக் கட்டி, அவளை வெயிலில் உட்கார வைத்தார். ஈரமாகக் கட்டினால் அந்த உடம்பின் வளைவை அப்படியே பிடித்துக்கொண்டு காயும். அத்தை அன்று பகல் முழுக்க அசையாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா கூழை எடுத்துவந்து அவள் வாயருகில் பிடித்தாள். காய்ந்ததும் நைனா முன்பக்கம் ஓட்டை போட்டு, மெல்லிய தோல் கயிறு கோத்தார். ரெண்டு ஓரமும் மயிரிழை விடாமல் ஒட்டி நின்றன. புங்கெண்ணெய் போட்டுத் தேய்த்து, "இந்தா, இனி பொட்டிய எவன் கேக்கறான்னு பாக்கறேன்" என்று அவளிடம் கொடுத்தார்.

நாற்றத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் கோயிலில் எல்லார்மேலும் அந்த நாற்றம்தான்.

வார் நன்றாகத்தான் வேலை செய்தது. அத்தை கம்பீரமாக உட்கார்ந்து வாசித்தாள். ஆற்காட்டுப் பையன் கடைசிப் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். சில மாதம் போனது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வார் கட்டாமலே கிளம்பினாள். இப்போ நோவே இல்லை, எதற்குச் சும்மா என்றாள். அடுத்த வாரமும் அப்படியே. வீட்டில் எங்களுக்கு ஒரே சந்தோஷம். நைனா தோல் ஷாப்பில் போய்ப் பெருமையடித்தார். எனக்கொன்று, எனக்கொன்று என்று ஆட்கள் கேட்டார்களாம். அம்மா ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, நாத்தனாரின் இடுப்பு நோவைக் கர்த்தர் எடுத்துப்போட்டார் என்று சாட்சியே சொல்லிவிட்டாள். நோவைக் கொடுத்தவரும் அவர்தான் என்பதை அன்று சொல்லவில்லை. அம்மா பேசி முடிக்கும்வரை அத்தை தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

என் முதுகுக்கு மட்டும் அந்தக் கதை சரியாகப் படவில்லை. அத்தை முன்னைவிட ஜாஸ்தி சாய்ந்தாள். பிரசங்கத்தின்போது முழு கனத்தையும் என்மேல் போட்டாள்.

"அத்தை, கனமா இருக்குது" என்று ஒருநாள் சொன்னேன்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு" என்றாள். அவ்வளவுதான். நானும் கால்களை ஊன்றிப் பொறுத்துக்கொண்டேன்.

அறுப்புப் பண்டிகை வந்தது. பெரிய ஐயர் வேலூரிலிருந்து வருகிறார், ஆராதனை, காணிக்கைப் பொருள்களின் ஏலம், விருந்து எல்லாம் உண்டு. அன்றைக்குச் சரியாக வாசித்துவிட்டால் பெட்டி அவளுக்குத்தான் என்று பெரிய ஐயர் வாயாலேயே சொல்லவைத்துவிடலாம் என்று நைனா நம்பியிருந்தார். காலையில் எங்கள் வாசலில் தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். பூசணிக்காயும் கோழியும் கூடையில் வைத்துக்கொண்டு, எல்லாரும் சேர்ந்து கிளம்பக் காத்திருந்தார்கள். அம்மாதான் வாரை எடுத்துவந்தாள்.

"இன்னிக்கு மூணு மணி நேரம்மா. இத்தக் கட்டிக்கோ" என்றாள்.

வேண்டாம் அண்ணி என்றாள் அத்தை. வேண்டாம், வேண்டாம் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டு சொன்னாள். புடவை கசங்குமென்று பார்க்கிறாள் என்று எல்லாரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்துக்கொண்டேதான் வாரை வாங்கினார். நான் இழுத்துக் கட்டறேன், நீ மூச்ச புடி என்றார். சுற்றிக்கொண்டு வந்து முன்னால் சேர்த்தார். சேரவில்லை. திரும்ப இழுத்தார். ரெண்டு ஓரத்துக்கும் நடுவில் என் கை போகிற அளவுக்கு இடம் இருந்தது. நைனாவின் கை நின்றது. அவர் தங்கையின் முகத்தைப் பார்த்தார். அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். வாசலில் சிரிப்பு நின்றுபோனது.

"தோலு சுருங்கிப்போச்சு" என்றார் நைனா.

நான் இன்று கிழவி. தோல் ஷாப்பு ஆளையே கட்டிக்கொண்டு, தோல் ஷாப்பு பிள்ளைகளையே பெற்றவள். பதம் போட்டு எண்ணெய் ஏற்றி உடம்பில் போட்டுப் பழகிய வார் சுருங்காது. போடப் போடத் தளரும். அடுத்த ஓட்டைக்குத்தான் போகும். அந்த வாசலில் நின்ற ஒவ்வொரு பொம்பளைக்கும் இது தெரியும். பச்சைக்குழந்தைகூட நம்பாத பொய்யை, ஊரில் தோல் பார்த்துச் சொல்லுவதில் பெயர் வாங்கிய மனுஷர், அத்தனை பேர் முன்னால் சொன்னார். எதிர்வீட்டு அம்மாள் என்றொருத்தி உண்டு. ஒரு வீட்டுச் சேதியை ஒன்பது வீட்டுக்குக் கொண்டுபோகாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஆமாண்ணா, இந்த மழ ஈரத்துக்கு சுருங்கத்தான் செய்யும்" என்றாள்.

மற்றவர்களும் ஆமாம், ஆமாம் என்றார்கள். நைனா கயிற்றை நீளமாக விட்டு, தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டார். நாங்கள் கோயிலுக்குப் போனோம்.

அத்தை முழுகாமல் இருந்தாள். யாரால் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆற்காட்டுப் பையன்மேல் சிலர் கை காட்டினார்கள். பெரியவர்களில் ஒருத்தர்மேல் சிலர் காட்டினார்கள். அவள் சொல்லவில்லை, நைனா கேட்டிருக்கவும் மாட்டார். அந்த ஆள் யாராக இருந்தாலும் அன்று எங்கள் கோயிலில் உட்கார்ந்து பாடியிருப்பான் என்று நினைத்தால் இந்த வயசிலும் எனக்கு வயிறு எரிகிறது.

அன்றைய மாதிரி அத்தை என்றைக்கும் வாசித்ததில்லை என்றார்கள். பெரிய ஐயர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். என் முதுகில் அவள் முதுகு நடுங்கிக்கொண்டேயிருந்தது. வார் சரியாகக் கட்டாததால் நோகிறது போலிருக்கிறது என்று நினைத்து, நான் என்னால் முடிந்தவரை அழுத்திக் கொடுத்தேன். கடைசிப் பாட்டு முடிந்ததும் பெட்டியை மூடி, மேலே துணியைப் போர்த்தி, நாலு மூலையையும் இழுத்துச் சரிசெய்தாள்.

மறுநாள் நைனா அவளை ரயிலுக்குக் கூட்டிப்போனார். இடுப்புக்கு வைத்தியம், வேலூருக்கு என்று எங்களுக்குச் சொன்னார்கள். உண்மையில் போனது கோலார் தங்கவயலுக்கு. அங்கே அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி சுரங்கத்தில் வேலை பார்த்தார். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நைனா முன்னால் நடந்தார். வாரை அத்தை விட்டுவிட்டுப் போனாள். நைனா தனியாகத் திரும்பி வந்தார். ஆர்மோனியத்தை ஆற்காட்டுப் பையனிடம் கொடுத்தார்கள். அவனுக்கு முதுகுக்கு முட்டுக்கொடுக்க ஆள் வேண்டியிருக்கவில்லை. என்னைப் பிள்ளைகளோடு போய் உட்காரச் சொன்னார்கள்.

எனக்கு ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. தோல் சுருங்கியதால்தான் அத்தை போனாள். சுருங்கினதை நீட்டிவிட்டால் வந்துவிடுவாள். அதனால் வாரைக் கொடியில் தொங்கவிட்டு, நுனியில் அம்மிக் குழவியைக் கட்டினேன். குழவி இல்லாமல் மிளகாய் அரைக்க முடியாமல் அம்மா அவிழ்க்க வந்தாள், பார்த்தாள், எதிர்வீட்டில் போய் அரைத்துக்கொண்டு வந்தாள். தினமும் எண்ணெய் போட்டுத் தேய்த்தேன். வீட்டு விளக்கெண்ணெய் தீர்ந்ததும் அடி விழுமென்று பயந்திருந்தேன். நைனா ஷாப்பிலிருந்து ஒரு சிரட்டையில் புங்கெண்ணெய் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். சில சாயந்திரங்களில் கைகால் கழுவிவிட்டு வந்து, அவரும் குந்தி உட்கார்ந்து, தன் கட்டைவிரலால் ஓரங்களைத் தேய்த்துக் கொடுப்பார். நைனாவும் தோல் நீளக் காத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் மத்தியானம் தங்கவயலிலிருந்து ஒரு ஆள் வந்தான். தெரு பார்க்க வாசல் வேப்பமரத்தடியில் நின்று நைனாவிடம் பேசினான். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். அவன் கொண்டுவந்த சேதியை எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னாள். பிரசவத்தில் அத்தையும் போய்விட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள், பாட்டு எதுவும் பாடினார்களா என்று தெரியாது.

அந்த ஆள் போன பிறகு நைனா உள்ளே வந்தார். குழவியை அவிழ்த்து அம்மியில் வைத்தார். வாரைக் கொடியிலிருந்து எடுத்து ரெண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இனிமே எண்ண போடாதம்மா" என்றார்.

"அளவு வந்துடுச்சா நைனா?"

அவர் என்னைப் பார்த்தார்.

"வந்துட்டுது" என்றார்.

நான் தெருவுக்கு ஓடினேன். எதிர்வீட்டு அம்மாள் வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். வாரு அளவு வந்துட்டுதாம், எங்க அத்தை வந்துடுவாங்க என்று கத்தினேன். அவள் முறத்தைக் கீழே போட்டுவிட்டு என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். அவள் ஏன் அப்படி அழுகிறாள் என்று நான் யோசிக்கவில்லை. அவளுக்கும் சந்தோஷம் என்று நினைத்தேன். சொல்ல வேண்டிய வீடுகள் இன்னும் நிறைய இருந்ததால், அவள் கையை விலக்கிக்கொண்டு அடுத்த வாசலுக்கு ஓடினேன்.